பட்டன் பக்கத்தில் நின்றவர்

ஆமினா பீவி லிஃப்டில் ஏறினால் உள்ளே தள்ளிப் போய் நிற்க மாட்டார். பட்டன்களை ஒட்டி, முதுகைப் பக்கச் சுவரில் வைத்து, ஏறுகிறவர்கள் எல்லாரையும் பார்த்தபடி நிற்பார். இரண்டு கையிலும் பை இருந்தாலும் ஒரு விரலை மட்டும் சும்மா வைத்திருப்பார். சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அவர் ஏழாவது மாடி, நாங்கள் பதினொன்று. தொடக்கப்பள்ளி நாளிலிருந்து இதைப் பார்த்துவந்திருக்கிறேன்.

அப்பா கேலி செய்வார். "டிரைவரம்மா, பதினொண்ணு போடுங்க."

"டிக்கெட் எடுத்தியா தம்பி?" என்பார் அவர், சிரிக்காமல்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"பட்டன் பக்கத்துல நின்னா எல்லா மாடியும் நம்ம கையில லா. எவனாச்சும் சேட்டை பண்ணா மொத்தத்தையும் அமுக்கிடு. ஒவ்வொரு மாடியா கதவு திறக்கும். எங்கயாச்சும் ஒரு ஆள் நிப்பாங்க."

இளவயதில் தொழிற்சாலை வேலை முடிந்து வரும்போது ஒருவன் லிஃப்டுக்குள் பின்னாலேயே வந்திருக்கிறான். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை என்று மட்டும் சொன்னார்.

தொழிற்சாலை மூடியதும் செக்யூரிட்டி வேலைக்குப் பயிற்சி எடுத்து, லிட்டில் இந்தியாவில் ஒரு தனியார் கல்லூரியின் வாசல் மேசைக்கு வந்தார். நான் அங்கேயே சேர்ந்ததற்கு அதுதான் காரணம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா ஆறு மாதம் சம்மதிக்கவில்லை. "ஆமினாக்கா வாசல்ல இருக்காங்க" என்று அப்பா சொன்ன பிறகுதான் தலையசைத்தார்.

இரண்டாம் ஆண்டில், நூலகத்துக்குப் போகும் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். காலருகே ஏதோ அசைந்தது. திரும்பினால், என் வகுப்பில் படிக்கும் திலீப் இரண்டு படி கீழே குனிந்திருந்தான். அவன் கைப்பேசி என் பாவாடைக்குக் கீழே இருந்தது.  அவனைத் தாண்டிக் கீழே ஓடி, ஆமினா ஆன்ட்டியின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து, யார் என்று கேட்டுக்கொண்டு படியேறினார். ஐந்து நிமிடத்தில் அவனைத் தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

மேசையில் சம்பவப் புத்தகம் இருந்தது. என்ன நடந்தாலும், குடை காணாமல் போனாலும், அதில் எழுத வேண்டும். தேதியும் நேரமும் எழுதிவிட்டு, "பேரு இனியா…" என்று பேனாவை ஊன்றினார்.

"எழுதாதீங்க ஆன்ட்டி. அம்மாவுக்குத் தெரிஞ்சா என் படிப்பு போச்சு."

"எழுதலன்னா என் வேலை போகும், கண்ணு."

"ப்ளீஸ் ஆன்ட்டி."

அவர் என் பெயரை எழுதவில்லை.  தேதியும் நேரமும் இருந்த வரியில் 'மின்விளக்கு சரிபார்ப்பு' என்று எழுதினார். திலீப்பிடம் திரும்பி, "என் கண்ணு முன்னால அழி" என்றார். அவன் அழித்தான். கைப்பேசியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுச் சரிபார்த்தார். அவன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். படம் போய்விட்டது, பெயர் தப்பியது என்று இருவரும் நிம்மதியடைந்தோம். இருந்த ஒரே சாட்சியத்தை நாங்களே அழித்துவிட்டோம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. போலீசில் சொல்லியிருந்தாலும் என் பெயர் செய்தியில் வந்திருக்காது என்பதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி ஆண்டு, பிப்ரவரி. முதலாண்டு மாணவி ரோஷினி அதே படிக்கட்டில் திலீப்பைப் பிடித்தாள். அவள் என்னைப் போல ஓடவில்லை, நேராக நிர்வாகத்திடம் போனாள். ஷூ கயிறு கட்டக் குனிந்தேன் என்றான் அவன். கைப்பேசியில் ஒன்றும் இல்லை. படிக்கட்டில் கேமராவும் இல்லை. இவன்மேல் முன்பு ஏதாவது புகார் உண்டா என்று சம்பவப் புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒரு வரியும் இல்லை. புதுச் சாட்சி கிடைத்தால் மறுபடி விசாரிக்கிறோம் என்று முடித்துவிட்டார்கள். ரோஷினி கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள்.

ஆமினா ஆன்ட்டி அவளைத் தேடிப் பிடித்து, நிர்வாகத்திடம் தானே வந்து சாட்சி சொல்வதாக வாக்குக் கொடுத்தார். ஏப்ரலில் லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, ஏழாவது மாடியில் கதவு திறந்தும் அவர் இறங்கவில்லை.

"நான் எழுதாதது தப்பு. அதை நான் சொல்லிக்கிறேன். வேலை போனா போகட்டும். ஆனா உன் பேரைச் சொல்லாம எப்படிச் சொல்றது? சொல்லவா?"

"பரீட்சை முடியட்டும் ஆன்ட்டி."

"எத்தனை நாளு?"

"அஞ்சு வாரம்."

"அந்தப் பிள்ள காத்திருக்கும் லா," என்றார். ஆனாலும் எனக்காகப் பொறுத்தார்.

கடைசிப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால், பாசிர் ரிஸ்ஸில் மகள் வீட்டில், மாரடைப்பில் அவர் இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும் சடங்குக்குப் போனேன். மகள் நஸீஹா அவருடைய கைப்பேசியை நீட்டினார். "இந்தப் பொண்ணு யாரு, உனக்குத் தெரியுமா? அம்மா எங்கயோ வர்றேன்னு சொன்ன மாதிரி இருக்கு."

திரையில் ரோஷினியின் கேள்விகள். எப்ப வர்றீங்க ஆன்ட்டி? இந்த வாரமா? ஒவ்வொன்றுக்கும் ஆன்ட்டியின் பதில்: கொஞ்சம் பொறும்மா, கண்டிப்பா வர்றேன். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை. என் பெயர் எங்கும் இல்லை. அந்த ஐந்து வாரமும் தாமதத்துக்குக் காரணம் நான் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"தெரியும்" என்றேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன். 

ஆகஸ்ட்டில் பட்டமளிப்பு. சாங்கி விமான நிலையத்தில் இரவு வேலை முடிந்து, சரக்குக்கிடங்குச் சீருடையை மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார் அப்பா. எனக்கு நான்கு பேருக்கு முன்னால் திலீப்பை அழைத்தார்கள். தமிழ்ப் பிள்ளையின் பெயர் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்தில் அம்மாவும் தட்டினார். மேடையோரம் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கு எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டவளே நான்தானே.

படிப்பு போய்விடும் என்று அன்று பயந்தேன். இப்போது பட்டம் கையில் இருக்கிறது, யாரும் பறிக்க முடியாது. பிறகு இன்னும் எதற்குப் பயம்? 

லிஃப்டில் இப்போது நானும் பட்டன் பக்கத்தில்தான் நிற்கிறேன். ரோஷினியின் எண்ணைத் திறந்து, 'நான் இனியா. உனக்கு முன்னால் அந்தப் படிக்கட்டில் நான் இருந்தேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகிறது. இன்னும் அனுப்பவில்லை.