அம்மா வைச்ச நேத்தியும் எட்டு பல்ப்பும்

புத்தகத்தைத் திறந்தா முதல்ல வாறது கருவாட்டு மணம்...

உப்புவெளியில எங்கட வீட்டுக்குப் பின்னாலதான் மீன் காயப்போடுவினம். கடல்காத்து முழுக்க அதுதான். எழுபதுகளின்ர நடுப்பகுதி. கம்பஸ் லீவில வந்து நிக்கிறன்.

அடுத்த டேர்ம் மெசின்ஸ். இப்பத்தைப் பிள்ளைகள் செமஸ்டர் எண்டுவினம். மோட்டர், ஜெனரேற்றர், ட்ரான்ஸ்போமர்... எல்லாம் ஒரே பேப்பரில. அரைவாசிப் பேர் விழுவினம் எண்டு சீனியர்மார் சொல்லி அனுப்பினவை. விழுந்தா ஒரு வருசம் போச்சு. அப்பா ஹாபரில கிளாக், பென்சன் எடுக்கிற வயசு. எனக்கு ஃபெயிலாக வசதியில்லை.

லீவிலேயே முழுப் புத்தகத்தையும் முடிக்கிறதெண்டு பிளான். மூண்டாம் பக்கத்தில நிக்கேக்க அம்மா வந்து மெல்லமா விசயத்தைச் சொன்னா. நான் செக்கண்ட் இயர் பாஸ் பண்ணினா, ஒழுங்கைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு என்ர கையாலயே லைற் பூட்டுறதெண்டு நேத்திக்கடன் வைச்சவாவாம். நானும் பாஸ் பண்ணிப்போட்டன்.

என்னைக் கேக்கேல்ல. பிள்ளையாரையும் கேட்டிருக்க மாட்டா.

எலெக்ட்ரிக்கல் படிக்கிறவன் வயரைத் தொட்டிருப்பான் எண்டு ஊர் நம்பினது. நான் தொட்டதெல்லாம் பேப்பரில கீறின வயர்தான்.

கோயில் பியூஸ் போயிடுமோ எண்டுதான் எனக்குப் பயம். கரண்ட் கூடவே கூடாது... விழுந்து விழுந்து கணக்குப் போட்டு, எட்டு பல்ப்பையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஒரே லைனில கோத்தன். கணக்கில ஒரு பிழையும் இல்லை.

பின்னேரப் பூசை. சனம் கூடி நிக்குது. மேளம் ஓய்ஞ்சது. சுவிச்சைப் போட்டன்.

எட்டு பீடி நுனி மாதிரி மினுங்கிச்சுது... அவ்வளவுதான். வந்த வோல்டேஜை எட்டும் பங்கு போட்டு எடுத்திட்டுதுகள். பியூஸ் மட்டும் போகேல்ல.

பக்கத்து ஊர் சல்லியிலயிருந்து சைக்கிளில மீன் கொண்டு வாற அண்ணை ஒராள் வலு மரியாதையாக் கேட்டார்.

"தம்பி, கரண்ட் இன்னும் வந்துகொண்டிருக்குதோ?"

அம்மா என்னை விட்டுக் குடுக்கேல்ல. பிள்ளையாருக்குக் கண் கூசக் கூடாதாம், கம்பஸில இப்ப இப்பிடித்தானாம் எண்டு சனத்துக்கு விளக்கம் குடுத்தா. பிறகு திரும்பிக் கண்ணை மூடி, எல்லாருக்கும் கேக்க அடுத்த நேத்தியை வைச்சா.

"பிள்ளையாரப்பா, இவன் வாற டேர்மையும் தாண்டினா, டவுனிலயிருந்து ஆள் பிடிச்சு லைற் போடுறன். இவன்ர கை படாது."

தாண்டினன். படிச்சதாலயோ, அவ நேந்ததாலயோ தெரியாது... பிள்ளையாருக்கும் நல்ல லைற் தேவைப்பட்டிருக்கும்.

போன கிழமை பேத்தி போனில அழுறாள். அவளும் எலெக்ட்ரிக்கல்தான், மூண்டாம் வருசம்.

"அம்மப்பா, இந்த செமஸ்டர் என்னால ஏலாது."

ஆயுள் முழுக்க இஞ்சினியரா இருந்தவன் நான். டைம்டேபிள் போடு, நேரத்துக்கு நித்திரை கொள் எண்டு ஏதோ சொன்னன். ஒண்டும் அவளுக்குப் போய்ச் சேரேல்ல. எனக்கே கவலையாப் போச்சு.

போனை வைச்சிட்டு இந்தப் பனிநாட்டுக் குசினி அடுப்படியில நிண்டு கை கூப்பினன்... உப்புவெளி எந்தப் பக்கம் எண்டு தெரியேல்ல.

அம்மா இருந்திருந்தா இந்நேரம் நேந்து முடிச்சிருப்பா.