பேட்டரியில் பூத்த மாவு

அம்மா ஜொகூர் பாருவில் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. மாதம் ஒருமுறை சனிக்கிழமை பஸ்ஸில் எங்கள் ஊர் மெர்லிமாவுக்கு வந்து இறங்குவாள். ஞாயிறு சாயங்காலம் பைகளோடு திரும்பும்போது மட்டும், அவளைப் பஸ் நிலையத்தில் விட அப்பா காரை எடுப்பார். மற்ற நாளெல்லாம் அவருக்கு மோட்டார்சைக்கிள்தான்.

ஒரு ஞாயிறு கார் கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்தால், பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக மாவு பூத்திருந்தது.

"இது பூத்துட்டா கரண்டு சரியா ஓடாது" என்றார் அப்பா.

மறுநாள் காலை வெந்நீர் ஊற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்து, வயரைப் பூட்டி, மேலே கிரீஸ் தடவினார். "இனிமே காத்தும் ஈரமும் படாது. பூக்காது லா" என்றார். அதை நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ அம்மா கூடுதலாக ஓர் இரவு என் பக்கத்தில் படுத்திருந்தது மட்டுமே நினைவில் நின்றது.

அவள் போன மறுநாளே பள்ளிக்குப் போடும் வெள்ளைக் காலுறையால் கிரீஸைத் துடைத்தெடுத்தேன். அப்பா வேலை முடிந்து வருவதற்குள் தினமும் உப்புத்தண்ணீர் தெளித்தேன். செடிக்கு ஊற்றுவதுபோல, ஒரு நாளும் தவறவில்லை.

அடுத்த மாதம் அப்பா சாவியைத் திருகியதும் கார் 'டக்' என்றதோடு சரி. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், "கிரீஸ் போட்டனே" என்று தலையைச் சொறிந்தார். அம்மாவும் குனிந்து பார்த்தாள். பிறகு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த காலுறையைப் பார்த்தாள். எவ்வளவு தேய்த்தும் அதில் கறை போகவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நீங்க கை வைக்காதீங்க. நானே பாத்துக்கிறேன்."

பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஃபேக்டரியில் அவளுக்கு வேலையே வயர் முனைகளைப் பூட்டுவதுதான். அப்படிப்பட்டவள் இரண்டு நட்டைக் கழற்றவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். தேய்த்தாள், துடைத்தாள், திரும்பவும் தேய்த்தாள். "கிரீஸ் டப்பாவ எடு புள்ள" என்றாள். விரல் நுனியில் தொட்டு, குழந்தைக்கு மை வைப்பதுபோல மெல்லத் தடவினாள். அப்பா இரண்டு முறை மணி பார்த்தார். கார் கிளம்பியபோது பஸ் போயிருந்தது.

ஃபேக்டரிக்கு போன் போட்டு, "கார் ரிப்பேர்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினாள். பின்னி முடித்தாள். சரியில்லை என்று அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து பின்னினாள்.

அம்மாவை அன்றைக்குப் போகவிடாமல் செய்தது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.