கண்ணை மறைத்த பொட்டு

ஆயுத பூஜை லீவு முடிந்து எல்லாரும் வேலைக்குப் போன முதல் நாள். பொழுது இறங்கி, கடை வாசலில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் செல்வி போன் பண்ணினாள்.

"அத்தே, வெளக்கு எரியல. எல்லாருதும் போயிடுச்சு. நூரு அக்காது ஒண்ணுதான் எரியுது."

"எங்கடி இருக்கீங்க?"

"கம்பெனிய வுட்டுக் கெளம்பிட்டோம், பாதி ரோட்டுல..."

அவ்வளவுதான், போன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

அவர்கள் சைக்கிள்களில் அந்த விளக்குகளை மாட்டியவள் நான். அரியலூர் டவுனில் பஞ்சர் ஒட்டும் பொம்பளை என்று கேட்டால் என் கடையைத்தான் காட்டுவார்கள். வீட்டுக்காரர் போன பிறகு ஸ்பேனரைக் கையில் எடுத்தேன், இன்னும் கீழே வைக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நான் கோட்டம் எடுத்த வீல் ஆடுது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

செல்வியோடு சேர்த்து ஆறு பேர், ஊர் எல்லையில் உள்ள தையல் கம்பெனிக்கு சைக்கிளில் போகிறவர்கள். சாயங்காலம் திரும்புகிற ரோட்டில்தான் சிமெண்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் போகும். மங்கின வெளிச்சத்தில் கையைக் காட்டித் திரும்பினால் எந்த டிரைவருக்குத் தெரியும்? டைனமோ விளக்கு இருந்தாலும், சைக்கிள் நின்றால் அதுவும் நின்றுபோகும். அதனால்தான் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கும் ரேவதி மேடம், தன்னிடம் படிக்கிற பிள்ளைகளோடு செய்த புது விளக்கைக் கொண்டுவந்து, "நீங்க மாட்டிக் கொடுங்கம்மா, அவங்க ஓட்டிப் பாத்துச் சொல்லட்டும்" என்று கேட்டபோது ஒத்துக்கொண்டேன்.

நல்ல விளக்கு. போனுக்குப் போடுகிற சார்ஜரே அதற்கும் போதும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டால், இருட்டினதும் அதுவாக எரியும். பிரேக் பிடித்தால் சிவப்பு பளிச்சென்று கூடும். ஹேண்டில்பாரில் உள்ள பொத்தானை அமுக்கினால் திரும்பும் பக்கம் மஞ்சள் விட்டு விட்டு எரியும். இருட்டா வெளிச்சமா என்று பார்க்க விளக்கின் தலையில் மிளகளவுக்கு ஒரு கண் உண்டு.

அப்படிப்பட்ட விளக்கு ஒரே நாளில் ஐந்து அணைந்தால் என்ன செய்வது? டியூபைப் போட்டுவிட்டு ரோட்டு முனைக்குப் போய் நின்றேன். வாய் தன்னால் மாரியாத்தாளைக் கூப்பிட்டது. போகிற லாரி ஒவ்வொன்றும் என் மேலேயே ஏறிப் போவதுபோல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி தெரிந்தது. வேகமில்லை. மாட்டு வண்டி மாதிரி உருண்டு வந்தது. அதன் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு முன்னால் சைக்கிள்கள், வரிசையாக. மனதுக்குள் எண்ணினேன். ஆறும் இருந்தது. கடைசியில், எரிகிற விளக்கோடு நூர்ஜஹான்.

லாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "கடைசியா வர்ற அக்கா வெளக்குதாங்க தெரிஞ்சுது. முன்னாடி இத்தன பேரு போறீங்கன்னு பக்கத்துல வந்தப்பறந்தான் தெரியுது. பாத்துப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரையும் கடை வாசலுக்குக் கூட்டிவந்தேன்.

செல்வி சொன்னாள்: "நூரு அக்காதான் எங்கள எல்லாம் முன்னாடி வுட்டுட்டு, தான் பின்னாடி வந்துச்சு. போனை எடுக்கக்கூட வுடல, ரோட்டப் பாத்து மிதிடீன்னு ஒரே அதட்டு."

"அதட்டாம? உங்க அத்தைக்கி யாரு பதில் சொல்றது?" என்றாள் நூர்ஜஹான்.

அவர்களோடு வந்த காமாட்சி சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே, "அதென்ன நூரு, உன்னுது மட்டும் எரியுது? ஓதி ஊதுனியா?" என்றாள்.

"அட போக்கா. எல்லாரையும் மாதிரித்தான் ராத்திரி சார்ஜ் போட்டேன். நீங்கதான் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொட்டு வச்சு மாப்பிள்ளையா ஓட்டிக்கிட்டு வந்தீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே செல்வியின் சைக்கிளைப் பார்த்தேன். விளக்கின் தலையில், அந்தக் கண்ணின் மேலேயே, காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம். மற்ற நாலிலும் அதே இடம். பொட்டு வைக்கவே செய்ததுபோல அந்தக் கண் உருண்டையாக இருந்தால் வேறெங்கே வைப்பார்கள்?

நூர்ஜஹானிடம் சைக்கிளைக் கடைக்குள் தள்ளி வரச் சொன்னேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் விளக்கு அணைந்தது. கட்டை விரலால் கண்ணைப் பொத்தினேன், எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. மற்ற ஐந்தும் காலையிலிருந்து இருட்டென்றே நினைத்துக்கொண்டு, கம்பெனி ஸ்டாண்டில் வெயிலில் நின்று எரிந்து, சாயங்காலத்துக்குள் சார்ஜைத் தீர்த்திருக்கின்றன. அந்த வெயிலில் சிவப்பு யாருக்குத் தெரியும்?

விஷயம் கேட்டு மறுநாள் ரேவதி மேடம் ஓடிவந்தார். "மழையில வச்சுப் பாத்தோம், தூசியில வச்சுப் பாத்தோம், பள்ளத்துல எல்லாம் குலுக்கிப் பாத்தோம். பூஜை போட்டுப் பாக்கலியேம்மா" என்று சிரித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் வந்த சிரிப்பு அது.

காமாட்சி மட்டும் சிரிக்கவில்லை. "பொட்டு வெக்காத வண்டியில நான் ஏற மாட்டேன். வேணும்னா வெளக்கக் கழட்டிக்குங்க."

"ஒண்ணையும் கழட்ட வேணாம்டி. ரெண்டும் இருக்கும்" என்றேன்.

இப்போது வருகிற விளக்கில் கண் பக்கவாட்டில் இருக்கிறது. அது மட்டும் போதாது. விளக்கை மாட்டி முடித்ததும், பிடிக்கிற கிளாம்பின் மேல் நானே ஒரு பொட்டு வைத்துத்தான் கொடுக்கிறேன். வைத்த இடம் ஒன்று இருந்தால் வேறிடம் தேட மாட்டார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாமானை மாட்டிக் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் அதை என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

இப்போது ஆறு விளக்கும் எரிகிறது. ஆனாலும் நூர்ஜஹான் கடைசியில்தான் வருகிறாள். "இன்னும் என்னடி காவல்?" என்று கேட்டேன்.

"காவலும் இல்ல ஒண்ணும் இல்ல, பெரியம்மா. பின்னாடி இருந்து பாத்தா அஞ்சு சிவப்பும் வரிசையா போறது அழகா இருக்கு."