என் தம்பி பார்த்த இளவேந்தன்

"பொய்ச் சத்தியம் பண்ணுன மனுசன் ஊர்ல நிப்பாரா? அதான் மகள் வீட்டுக்கு ஓடிட்டாரு."

தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு ஜெயலெட்சுமி இப்படிச் சொன்னாள். நான் பின்னால் நிற்பதை அவள் பார்க்கவில்லை.

"யாருடி பொய்ச் சத்தியம் பண்ணது? பேரைச் சொல்லு, நானும் கேட்டுக்கிறேன்" என்றேன்.

"ஐயோ பெரியம்மா, பொதுவாச் சொன்னேன்."

"இந்தத் தோட்டத்துல கற்பூரம் அணைச்சவன் ஒருத்தன்தான். அவன் என் தம்பி வீரய்யா. இதுல பொது எங்க இருக்கு?"

"அப்ப ஏன் கொஸ்லந்தைக்குப் போனாரு? மானம் போயித்தானே?"

"குடம் நெறஞ்சு வழியுது பாரு. எடு, மத்தவங்களும் பிடிக்கணும்."

பீலியில் நின்று முழுக் கதையும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் பெரகலச் சந்திக்குக் கீழே, பெரிய ரோட்டை ஒட்டி இருக்கிறது. அப்பா செத்தபோது வீரய்யாவுக்குப் பதினான்கு வயது. அந்த மாதமே அவன் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றான். கவ்வாத்துக் கத்தி பிடித்தால் அவன் வெட்டிய தேயிலைச் செடியைத் தனியாக அடையாளம் சொல்லலாம், அவ்வளவு சுத்தம். தீபாவளி தவிர வேறு நாளில் குடித்ததில்லை. பெண்சாதி போன பிறகு நிமலனையும் ஜெயந்தினியையும் தானே சோறாக்கிப் போட்டு வளர்த்தான். அவனுக்கென்று பெருமை பேச இருந்தது ஒன்றே ஒன்று. இளவேந்தனுடைய காருக்குத் தண்ணீர் கொடுத்தவன் அவன்.

சினிமாவில் இளவேந்தன் வாள் சுழற்றினால் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் விறகுக் கட்டையைச் சுழற்றுவார்கள். அவரும் கனகவல்லியும் சோடியாக நடித்த படம் என்றால் கைப்பிள்ளைக்காரிகள்கூட வண்டி ஏறுவார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒருமுறை இலங்கைக்கு வந்து, பதுளையில் ஒரு விழாவுக்காக இந்த ரோட்டால் போனார்கள். மேடு ஏறும்போது கார் சூடேறி நின்றது. வீரய்யாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ரோட்டோரத் தண்ணீர்க் கான் வெட்டிக்கொண்டிருந்தான். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் பார்த்தது இவ்வளவுதான்: கறுப்புக் கார், முன்பக்கம் புகை, தேத்தண்ணிக் கேத்தலோடு ஊற்றுக்கு மூன்று தடவை ஓடுகிற தம்பி, கார்க் கண்ணாடிக்கு வெளியே நீண்ட வளையல் போட்ட கை. முகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது என்று ஒருநாளும் சொன்னதுமில்லை.

சாயந்தரம் வந்து என்னிடம் மட்டும் சொன்னான். "கனகவல்லி அம்மாதாங்க்கா தண்ணி கேட்டாங்க. தம்ளர் இல்லேன்னேன். குடுப்பான்னு கேத்தலை வாங்கி அப்படியே அண்ணாந்து குடிச்சாங்க. அவரு அந்தம்மா தோள்ல சாஞ்சு தூங்கிக்கிட்டிருந்தாரு. வாயி தொறந்து கெடக்கு. முன்னந்தலையில முடியே இல்லக்கா. நான் குனிஞ்சு பார்த்ததும் அந்தம்மா வாயில வெரலை வச்சு, எழுப்பாதேன்னு காட்டுனாங்க. யார்கிட்டயும் சொல்லாத."

அவனும் சொல்லவில்லை. "இளவேந்தன் காரு நின்னுச்சு, நான் தண்ணி குடுத்தேன்." ஊரில் சொன்னது அவ்வளவே. மிச்சத்தை ஊர் சேர்த்துக்கொண்டது. தண்ணீர் தேத்தண்ணியானது. அப்புறம் இளவேந்தன் லயத்துக்குள் வந்து ரொட்டி தின்றார். அப்புறம் வீரய்யாவின் தோளில் கைபோட்டு, உன்னை மறக்க மாட்டேன் என்றார். என் தம்பிமேல் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. யாராவது கேட்டால் இல்லை என்றும் சொல்லாமல் ஆமாம் என்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு பீடியை இழுப்பான். கேட்பது அவனுக்குப் பிடித்திருந்தது. இளவேந்தன் ரசிகர் மன்றம் தொடங்கியபோது அவனையே தலைவர் ஆக்கினார்கள். நிமலன் வளர்ந்து செயலாளர் ஆனான்.

தொண்ணூற்றேழில் இளவேந்தன் கனகவல்லி வாழ்க்கையையே படமாக எடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் இரண்டு பேரும் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. வேறு ஆட்கள் அவர்களாக நடித்திருந்தார்கள். இலங்கைக்கு வந்த கட்டமும் இருக்கிறது என்று நிமலன் பேப்பரில் வாசித்துக் காட்டினான். அதற்குப் பிறகு தோட்டத்தில் வேறு பேச்சில்லை. வீரய்யாவாக நடிப்பது யார், ரொட்டி சுட்ட அடுப்பைக் காட்டுவார்களா என்று கொழுந்து மலையில் சண்டையே நடந்தது. ஜெயலெட்சுமி கல்யாணச் சேலையை வெளியே எடுத்துவிட்டாள்.

"தோட்டத்தைக் காட்டுனா நம்மளும் தெரிவோம்ல பெரியம்மா?"

"படம் எடுத்து முடிச்சாச்சுடி. இப்பக் கட்டி என்ன செய்ய?"

"எதுக்கும் கட்டிக்கிறேன்."

பெரகலக் கடை ஸரூக்கின் லொறியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனோம். கொட்டகை வாசலில் நிமலன் அப்பனுக்கு மாலை போட்டான். முன்வரிசையில் நடுவில் உட்கார வைத்தான். தம்பி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

படம் பாதி ஓடியதும் தேயிலை மலை வந்தது. விசில் காதைப் பிளந்தது. பொம்பிளைகள் நாங்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கூடைக் கயிறு தோளில் கிடந்தது. எங்களுக்கு அது தலையில். எங்கேயோ இந்தியா மலையில் எடுத்திருக்கிறார்கள். ஆம்பிளைகளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

கார் நின்றது. இளவேந்தன் இறங்கினார். தலை நிறைய முடி. கிழிந்த சட்டை போட்ட ஒரு தொழிலாளி சிரட்டையில் தேத்தண்ணி நீட்டினான். அவர் கண் கலங்கி வாங்கிக் குடித்து, மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தார். காருக்குள் இருந்த கனகவல்லி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்டவன் கையில் வாங்கிக் குடிக்கிறீர்களே" என்றாள். கொட்டகை முழுக்க அவளைத் திட்டியது. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. நிமலன் எழுந்து நின்று அப்பனைப் பார்த்துக் கத்தினான்.

"சொல்லுங்கப்பா, அப்படித்தானே? அந்தப் பொம்பிள அப்படித்தானே பேசுனா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். முப்பது வருடப் பேச்சும் அந்த நிமிடத்தில் உண்மையாகிப் போயிருக்கும்.

என் தம்பி எழுந்தான். "இல்ல. அந்தம்மாதான் தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. என் கேத்தல்லயே குடிச்சாங்க. அவரு எறங்கவே இல்ல. தூங்கிக்கிட்டிருந்தாரு" என்றான். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

லொறியில் திரும்பினோம். ஹப்புத்தளை தாண்டியதும் யாரோ ஒருத்தன், "முப்பது வருசமா நம்மளக் கேனயனாக்கியிருக்காரு" என்றான். மறுநாளே தோட்டம் இரண்டுபட்டது. அவன் காரையே பார்க்கவில்லை என்றார்கள் சிலர். பார்த்தான், ஆனால் இளவேந்தனை அசிங்கப்படுத்த யாரிடமோ காசு வாங்கிவிட்டான் என்றார்கள் சிலர். வழுக்கை என்று அவன் கொட்டகையில் சொல்லவேயில்லை. என்னிடம் சொன்னதுதான். என் வாய் சும்மா இருக்காமல் அவனுக்குச் சாட்சி சொல்கிறேன் என்று அதையும் உளறிவிட்டேன். அது இன்னும் பெரிய நெருப்பாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு மன்றத்துப் பையன்கள் அவனைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி வைத்தார்கள்.

"அவரு தூங்குனாருன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, மாமா. இல்லேன்னா தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிட்டுப் போங்க."

தயங்குவான் என்று நினைத்தார்கள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். அணைகிற வரைக்கும் எடுக்கவில்லை.

இப்போது பீலியில் என்ன பேசினாலும், அன்றைக்கு அங்கே நின்றவர்கள் எல்லாரும் அவனை நம்பினார்கள். அது அவர்கள் முகத்தில் தெரிந்தது. பொய் என்று நினைத்த வரைக்கும் கேலியாவது பேசினார்கள். நம்பிய பிறகு பேச்சையே விட்டுவிட்டார்கள். பெரட்டில் அவன் பக்கத்தில் நிற்க ஆளில்லை. நெருப்புப்பெட்டி கேட்டால் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஏன்டா, தலையை ஆட்டியிருந்தா என்ன? செத்தவங்கதானே ரெண்டு பேரும்" என்று ஒருநாள் கேட்டேன்.

"செத்தவங்கதாங்க்கா. அந்தம்மா வந்து நான் அப்படிப் பேசலைன்னு சொல்ல முடியுமா? பார்த்தவன் நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"அவரைப் பத்தியும் சொல்லிட்டியே. எழுப்பாதேன்னாங்களே."

"அத நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு. ஆனா தூங்குறவரைப் பார்த்தப்பதான் எனக்கு அவரு மேல ரொம்பப் பிரியம் வந்துச்சு. எங்கேருந்து எவ்வளவு தூரம் வந்தாரோ. இவனுங்களுக்கு அது புரியலையே."

அவனோடு அதிகம் பேசாமல் போனது நிமலன்தான். மன்றத்தில் அவன் செயலாளர் பதவி ஆடிக்கொண்டிருந்தது. கொஸ்லந்தையிலிருந்து ஜெயந்தினி, அப்பா இங்க வந்து இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள். ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில் வீரய்யா இரண்டு சாரத்தையும் ஒரு போர்வையையும் பையில் மடித்தான். கைப்புண் ஆறியும் ஆறாமலும் இருந்தது. பையின் வாரை இழுத்துக் கட்ட முடியாமல் திணறினான். நிமலன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து அந்த வாரைக் கட்டிவிட்டான்.

"அப்பா, போக வேணாம். வயசாயிருச்சு, ஞாபகம் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பேசி முடிச்சுர்றேன்."

"அப்படிச் சொன்னா நீ நம்புவியா?"

நிமலன் தரையைப் பார்த்தான். "நம்ப மாட்டேன்" என்றான்.

"அப்ப எதுக்குடா நான் சொல்லணும்?"

அவன் மகனின் தலையில் அந்தப் புண் கையையே வைத்தான். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டான். குடை எடுத்துக்கோ என்றேன். வேண்டாம் என்றான். எடுத்துக்கோடா என்று கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, வாசற்படியைத் தாண்டி மழையில் இறங்கினான்.