பின்கதவு திறக்குமுங்களா?

எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சொன்னது என் மனைவி. அதற்கு அனுமதி சுலபமாகக் கிடைத்துவிடும் என்று சொன்னது நான். கொல்லிமலையில் மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிற எனக்கு விதிமுறைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயங்களில்தான் எனக்கு உறுதி அதிகம்.

எதையும் தூக்கிப்போடக் கூடாது என்பது என் கொள்கை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஒரு பொருள் மேலே வந்திருக்கிறது. அதைப் போய்க் குப்பை என்று எப்படிச் சொல்வது? இந்த நியாயத்தால் ஓடாத மிக்சிகள், படம் வராத டிவி, காலி பெயிண்ட் டப்பாக்கள், வழுக்கையான டயர்கள் எல்லாம் எங்களோடு குடியிருந்தன. அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில் நடக்க நாங்கள் பழகியிருந்தோம்.

ஆய்வுக்குக் கீழேயிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். வாடகை அறைகள் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அங்கிருந்ததையெல்லாம் முந்தைய நாள்தான் நாங்கள் படுக்கிற பின்னறைக்குத் தள்ளியிருந்தேன்.

"தீப்பிடிச்சா வெளிய போக இன்னொரு வழி இருக்கணும் சார். பின்கதவு திறக்குமுங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"தாராளமா திறக்குமுங்க."

"திறந்து காட்டுங்க."

"ஏனுங்க, வேண்டாமுங்க," என்றாள் மனைவி மெதுவாக. நான் அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

பின்னறையில் அந்தக் கதவுக்குப் போகிற ஒரே பாதை, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்து. வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தேன். பாதி தூரத்தில் மூச்சு விட வேண்டியிருந்தது. விட்டேன். அதோடு சரி, முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

"மாட்டிக்கிட்டீங்களா சார்?"

"இல்லீங்க, சும்மா நிக்கறேன்."

அந்தச் சமயம் பார்த்து பீரோவின் மேலிருந்த பெயிண்ட் டப்பாக்கள் ஒவ்வொன்றாக என் தலையில் இறங்கின.

அதிகாரி கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். மனைவி பீரோவைத் தள்ள, அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வயித்த எக்குங்க சார்!"

"எக்கித்தானுங்க இருக்கேன்!"

எப்படியோ வெளியே வந்தேன். சட்டையின் பாதி பீரோவின் கைப்பிடியிலேயே தங்கிவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. அதுதான் அவமானமாக இருந்தது. டீ குடித்துக்கொண்டே, வழியை அடைக்கக் கூடாது, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் சாக்கு அடுக்கக் கூடாது, டயரில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு மனைவியிடம், "தீகீ பிடிச்சா நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"நான் முன்பக்கமா ஓடிப்போயிருவனுங்க. இவிய சாமானத்தான் காப்பாத்திட்டு இருப்பாங்க."

கொஞ்சங்கூட யோசிக்காமல் சொன்னாள். அப்படியானால் முன்னமே யோசித்து வைத்திருக்கிறாள். எத்தனை ராத்திரி அந்தப் பீரோவைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாளோ! எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரமே பேளுக்குறிச்சியிலிருந்து பழைய சாமான் வண்டியை வரவழைத்தேன். உறுதியாகத்தான் நின்றேன். ஒரே ஒரு மிக்சியை மட்டும் வண்டியிலிருந்து திரும்ப இறக்கினேன். மனைவி அதை மறுபடியும் ஏற்றினாள். வண்டிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பிரச்சினை வேண்டாமென்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அதிகாரி மறுபடியும் வந்தபோது பின்கதவை ஒரு விரலால் தள்ளினார். திறந்தது. அனுமதியும் கிடைத்தது.

முதன்முதலில் தங்க வந்தது நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம். வந்த அன்றே நல்ல மழை. "குடை ஒண்ணு இருக்குமுங்களா?" என்று கேட்டார்கள்.

வண்டியில் போனதில் குடைகளும் இருந்தன. ஒன்றுகூட விரியாது என்பது வேறு விஷயம்.

"இல்லீங்க," என்றேன். ஒரு பொருள் இல்லை என்று நான் என் வீட்டில் நின்று சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.