அடிக்கோடு மட்டும் தெரிந்த வரவேற்பு மடல்

போன சனிக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் போச்சு, சரிசெய்ய நாலு நாளாகும் என்றார் சர்வீஸ்காரர். நாலு நாள்! அதுவரை நான் நடத்தும் இன்டர்நெட் தமிழ்க் குழு என்ன கதியாகும்?

குழு என்றதும் கொடி, கோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் ஈமெயில் எழுதினால் இருநூறு பேருக்கும் போகும். இஷ்டப்பட்டவர் பதில் எழுதுவார். கதை, கவிதை, சண்டை எல்லாம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களை வரவேற்று வழிகாட்டுவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது... எரிச்சல் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

சேர்ந்த அன்றே ஒருவர் ‘டெஸ்ட்’ என்று ஒற்றை வார்த்தை அனுப்புவார். அது இருநூறு பேருக்கும் போகும். ‘டெஸ்ட் வந்துவிட்டது’ என்று இன்னொருவர் பதில் போடுவார். அதுவும் இருநூறு பேருக்கும். கடுப்பான மூன்றாமவர், ‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று குழு முழுவதற்கும் விண்ணப்பம் வைப்பார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு வரவேற்பு மடல் எழுதினேன். மொத்தம் இருபத்து மூன்று விதிகள். ஆபீசில் சாப்ட்வேருக்கு மேனுவல் எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் உட்பிரிவுகளும் உண்டு. விதி ஒன்று: எழுதுவதற்கு முன் படிக்கவும். விதி மூன்று: தமிழ் ஃபான்ட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் முறை, படிப்படியாக. விதி ஏழு: ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவது கண்டிப்பாகக் கூடாது.

படித்தார்களா? மேனுவலை எவன் படிக்கிறான்!

அதிலும் பரிமளா என்று ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் பெங்களூரிலேயே ஜீவனஹள்ளிக்காரர். கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. லீவு நாளில் பிரவுசிங் சென்டருக்குப் போய் எழுதுவதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் மடல் வரும். முதல் மடலிலேயே விதி ஏழு காலி. முழுக்க ஆங்கில எழுத்து.

“சார், நான் படிச்சது கன்னட மீடியம். தமிழ் நானே கத்துக்கிட்டது. நாலு கதை எழுதி வெச்சிருக்கேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டல. உங்க குரூப்ல காட்டலாமா?”

தாராளமாகக் காட்டலாமே. முறையாகக் காட்ட வேண்டாமா? ‘வரவேற்பு மடலைப் படிக்கவும்’ என்று தமிழில் பதில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு: “மடல் வந்துச்சு சார். ஒண்ணும் புரியல.”

புரியவில்லையா? அதைவிடத் தெளிவாக எழுத யாரால் முடியும்? முக்கியமான இடங்களில் அடிக்கோடு போட்டு, அதே மடலை மறுபடி அனுப்பினேன்.

மூன்றாவது ஞாயிறு: “அடிக்கோடு தெரியுது சார். அதுக்கு மேல இருக்கறதுதான் தெரியல.”

என்ன கிண்டலா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலே போடவில்லை. நாலாவது ஞாயிறு அவர் ஒரு கதையையே அனுப்பிவிட்டார். நீளமாக, அதே ஆங்கில எழுத்தில். ஒரு வரிகூடப் படிக்காமல் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்தேன். எடுத்துவிட்ட விவரத்தையும் முறைப்படி தெரிவித்தேன், அழகான தமிழில்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வேறு வழியில்லாமல் பிரேசர் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். யாரோ புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். வரவேற்பு மடலை அனுப்பலாம் என்று திறந்தால்... என்ன கண்றாவி இது? தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், கவிழ்ந்து கிடக்கும் கேள்விக்குறிகள், நடுநடுவே கட்டம் கட்டமாக. ஆனால் நான் போட்ட அடிக்கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

“பாய், இதுல தமிழ் ஃபான்ட் இல்லையா?” என்றேன் கடைக்காரரிடம்.

“இல்ல சார். போடவும் கூடாது. போன மாசம் ஒருத்தர் என்னமோ போடறேன்னு மூணு சிஸ்டத்த படுக்க வெச்சுட்டாரு. சும்மா பேஜார் பண்ணாதீங்க.”

ஃபான்ட் இல்லாமல் படிக்க முடியாத மடலில், ஃபான்ட் போடுவது எப்படி என்று எழுதி வைத்திருக்கிறேன்! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மேதாவி நான். இரண்டு வருடமாக இதை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று ஆத்திரம் வந்தது. யார் சொல்லவில்லை? பரிமளா சொன்னார். ஞாயிறு தவறாமல் சொன்னார்.

பழைய மடல்களைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் என்னால் படிக்க முடிந்த ஒரே தமிழ், ஏழாம் விதியை மீறிய அவருடைய கதைதான். கார்மென்ட்ஸ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகத் தினமும் அடித்துக்கொள்ளும் இரண்டு பெண்கள். ஒருத்தி வேலையை விட்டு நின்றுவிடுகிறாள். மறுநாளிலிருந்து சீட் காலி. மற்றவள் அதில் உட்காரவே மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை. என்னுடைய இருநூறு பேரில் இப்படி எழுத ஒருவரும் கிடையாது. முதன்முதலாக ஒருவரிடம் காட்டியிருக்கிறார், நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அங்கேயே மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரச்சொல்லி எழுதினேன். ஆங்கில எழுத்தில்தான்! மறுநாள் ஞாயிறு. பதில் வந்துவிட்டது.

“பரவால்ல சார். நாங்களே ஒரு குரூப் ஆரம்பிச்சுட்டோம். உங்க லெட்டர் தெரியலன்னு உங்க குரூப்ல கேட்டு, திட்டு வாங்கிட்டுப் போனவங்கதான் பாதிப் பேர். நாலு கதையும் போட்டுட்டேன். நீங்களும் வாங்க.”

நியாயமாகப் பார்த்தால் நான் கோபித்துக்கொண்டிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தேன். அவர்களும் புதியவர்களுக்கு ஒரு வரவேற்பு மடல் வைத்திருக்கிறார்கள். விதியும் இல்லை, உட்பிரிவும் இல்லை. நம் பெங்களூர் வழக்கப்படி தமிழும் கன்னடமும் கலந்து, சாப்பாடு ஆயிற்றா என்று ஒரு விசாரிப்பு.

“வாங்க சார். ஊட்டா ஆய்த்தா?”

மேனுவல் எழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன் — ஒரே தடவைதான் படித்தேன், புரிந்துவிட்டது.