தலைமலையில் என்னை ஏமாற்றாதவர்

தலைமலையின் பாதி வழியில் என் அம்மா ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். இனி ஓரடி வைக்க முடியாது என்று கையை விரித்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. போனில் டவர் இல்லை. முன்னாலும் பின்னாலும் காடு.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. நாலு பேர் முன்னால் எழுந்து பேச எனக்குக் கூச்சம். ஐந்தாவது வரைதான் படிப்பு. "பேச வேண்டாம், எழுதியாவது குடுங்க" என்று பஜனை மடத்தில் சொன்னார்கள். பெருமாளை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் இருக்கிறேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். வீட்டுக்காரர் தவறிய பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எண்பது தாண்டியவள். வெந்நீர் வைப்பது, தலை வாருவது, கால் பிடித்துவிடுவது எல்லாம் நான். தம்பி செல்வம் தொட்டியத்தில் வாழை போட்டிருக்கிறான். தீபாவளிக்கு வருவான், சாப்பிடுவான், போவான்.

அவனுக்கு மஞ்சள் காமாலை முற்றிப் பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டாள். "பெருமாளே, என் பிள்ளையை எழுப்பிக் குடு. அவனைக் கூட்டிக்கிட்டு உன் மலைக்கு வரேன்." அவன் எழுந்துவிட்டான். வேண்டுதல் மட்டும் நிறைவேறாமல் நின்றது. நிறைவேற்றாத வேண்டுதலோடு கண்ணை மூடினால் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா தினமும் புலம்பினாள்.

தொட்டியம் தாண்டி இருக்கிறது தலைமலை. ஒழுங்கான படி கிடையாது. கல்லும் வேருமாகக் காட்டுக்குள் ஏற வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஜனம் நெரியும். தம்பிதான் போனில் சொன்னான். "புரட்டாசி வேணாம்க்கா, அம்மாவை நசுக்கிடுவாங்க. தையில போவோம். டோலி கட்டித் தூக்க ஆளோட அடிவாரத்துல நான் நிக்கிறேன்." நம்பினேன்.

அடிவாரத்தில் அவன் இல்லை. "பின்னாடி வந்துருவான்டி. வெயில் ஏறதுக்குள்ள நாம நடப்போம்" என்றாள் அம்மா. அதையும் நம்பினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்தேன். அம்மா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாறைமேல் அவள் உட்கார்ந்ததும், "கொஞ்சம் பொறும்மா, செல்வம் வந்துருவான், தூக்கிடுவாங்க" என்றேன்.

"வரமாட்டான். நேத்தே சொல்லிட்டான்."

"என்னம்மா சொல்ற?"

"முசிறியில அவன் மாமனார் வீட்டுல காதுகுத்து. போகலேன்னா அவன் பொண்டாட்டி சண்டை புடிப்பாளாம்."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னை இழுத்துட்டு வந்தே?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

தம்பி ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை, அவன் அப்படித்தான். தினமும் என் கையால் சாப்பிடுகிற அம்மா, என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அதை மனசுக்குள் வைத்திருந்தாளே. அவனுக்காக என்னை ஏமாற்றினாளே. பாறைக்கு இந்தப் பக்கம் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துத் திரும்பினால் அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை.

எனக்கு ஸ்தோத்திரம் எதுவும் தெரியாது. மலை உச்சியைப் பார்த்து, "பெருமாளே, எல்லாரும் என்னை ஏமாத்திட்டாங்க. நீயும் ஏமாத்திடாதே" என்று கத்தினேன். வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

கீழேயிருந்து, "யாரு அங்க?" என்று குரல் வந்தது.

வாழைத்தார் வெட்டுகிற ஆட்கள் நாலு பேர். முதல் அறுவடைத் தாரைப் பெருமாளுக்குக் கொடுக்க மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து, சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அம்மா கண் திறந்தாள். அவர்களில் மூத்தவர் வேட்டியை அவிழ்த்து மூங்கிலில் தூளி கட்டினார். உள்ளே அரை டிராயர்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்னடா சிரிப்பு? பெருமாள் பாக்காததா?" என்றார். பிறகு என்னிடம், "பெரியம்மா, அப்பாயியைக் கீழ எறக்கவா, மேல ஏத்தவா? மேலதான் கிட்ட. நெழலும் தண்ணியும் உண்டு. நீங்க சொல்றதுதான்" என்றார்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். கீழே என்று சொல்லத்தான் வாய் துடித்தது. மேலே என்றேன். பாசத்தில் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் தம்பி, நான் அப்படி இல்லை என்ற ரோஷத்தில் சொன்னேன்.

தாரை ஒருவர் தலையில் வைத்துக்கொள்ள, அம்மாவைத் தூளியில் தூக்கினார்கள். "அப்பாயி, எங்க பூவன் தாரு உன்னைவிட கனம். வீட்டுல சோறு போடுறாங்களா இல்லையா?" என்று கேலி பேசிக்கொண்டே ஏற்றிவிட்டார்கள்.

சன்னதியில் அர்ச்சகர் பெயர் கேட்டார். அம்மா தம்பி பெயர், அவன் பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர், எல்லார் நட்சத்திரமும் தடங்கல் இல்லாமல் சொன்னாள். கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். என் பெயர் வரவில்லை. அர்ச்சகர் உள்ளே போகத் திரும்பினார்.

"சாமி, என் பேரு சரோஜா" என்றேன். எங்கேயிருந்து வந்ததோ அந்தத் தைரியம்.

"நட்சத்திரம்?"

எனக்குத் தெரியாது. கல்யாணமே பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் நடந்தது. எந்தக் கோயிலிலும் எனக்கென்று அர்ச்சனை செய்துகொண்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"நல்ல மழை அன்னிக்கு. அதுதான்டி ஞாபகம்" என்றாள்.

அர்ச்சகர் சொன்னார், "பரவாயில்லம்மா. நட்சத்திரம் தெரியாதவங்களுக்குத் திருவோணம்னு சொல்றது வழக்கம். பெருமாளோட நட்சத்திரம் அது."

திருவோண நட்சத்திரே சரோஜா நாமதேயே என்று அவர் சொல்லச் சொல்ல நான் கை கூப்பிக்கொண்டேன். பெற்றவள் மறந்ததற்குத் தன்னுடையதையே எடுத்துக் கொடுத்துவிட்டார் பெருமாள்.

அந்த நாலு பேரே எங்களைப் பத்திரமாகக் கீழே இறக்கி பஸ் ஏற்றிவிட்டார்கள். தம்பி இன்று வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எம் பிள்ளை வேண்டுதல் முடிஞ்சுது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா சொல்கிறாள். எனக்கு ஆறவில்லை, ஆறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனாலும் வெந்நீர் வைக்கிறேன், தலை வாரிவிடுகிறேன். மாதா மாதம் திருவோணத்தன்று தையலை எடுத்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன். பெயர் கேட்டால் நானே சொல்கிறேன், நட்சத்திரமும் சொல்கிறேன்.

சொந்தங்கள் கைவிட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்களில் இருந்தால், அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே கூப்பிடுங்கள். அவருக்குக் கேட்கும்.